நிழற்குடைக்குக் கணக்கு யாரிடம் கேட்பது?

மேற்குமதுரைக்காரன் (கேள்வி)

மதுரைக்கு மேற்கே, தேனி சாலையிலிருந்து உள்ளே பிரிந்து செல்லும் ஒரு கிராமத்தில் வசிக்கிறேன். ஊரின் பெயரையும் எங்கள் தொகுதி உறுப்பினரின் பெயரையும் வேண்டுமென்றே எழுதவில்லை. யாரையும் திட்டித் தீர்ப்பதற்காக இதை எழுதவில்லை. கணக்குக் கேட்கும் வழி தெரிய வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் விலக்கில் சில ஆண்டுகளுக்கு முன்பு தொகுதி மேம்பாட்டு நிதியில் பயணியர் நிழற்குடை ஒன்று கட்டினார்கள். அதன் நெற்றியில் உறுப்பினரின் பெயர் ஒரு முழ உயரத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அதற்குக் கீழே சிறிய எழுத்தில் ‘மதிப்பீடு ரூ.7.00 லட்சம்’ என்று இருக்கிறது. ஆண்டு எழுதியிருந்த இடத்தின் மேல் யாரோ ஒரு காதணி விழாச் சுவரொட்டியை ஒட்டிவிட்டார்கள். மல்லிகைப் பூ மூட்டையோடு மாட்டுத்தாவணிச் சந்தைக்குப் போகும் பெண்கள் விடியற்காலைப் பேருந்துக்கு அங்கேதான் காத்திருப்பார்கள். சென்ற ஐப்பசி மழையில் கூரை ஒழுகியதால், மூட்டைகளை இருக்கையின் மேல் ஏற்றிவிட்டு அவர்கள் சாலையோரப் புளியமரத்தடியில் நின்றார்கள். இருக்கைகள் இரண்டு, அவற்றில் ஒன்றுக்குக் கால் உடைந்து, செங்கல் அண்டைகொடுத்து நிற்கிறது. என் மனைவியின் தையல் நாடாவைக் கொண்டுபோய் அளந்தேன். உள்ளளவு 15 அடிக்கு 8 அடி. இதற்கு 7 லட்சமா என்று ஊரில் எல்லோரும் கேட்கிறார்கள். ஆனால் டீக்கடையில் கேட்பதோடு சரி.

ஊராட்சி அலுவலகத்தில் விசாரித்தபோது, அது தங்கள் வேலை இல்லை, ஒன்றியத்தில் கேளுங்கள் என்றார்கள். ஒன்றியத்தில் உறுப்பினர் அலுவலகத்தைக் கைகாட்டினார்கள். உறுப்பினர் அலுவலகத்தில் மரியாதையாக உட்காரவைத்து, படம் போட்ட தினசரி நாட்காட்டி ஒன்றைக் கொடுத்து அனுப்பினார்கள். இடையில் ஓர் எழுத்தர், “நீங்கள் வருமான வரி கட்டுகிறீர்களா?” என்று கேட்டார். நான் கட்டுவதில்லை, அந்த அளவுக்கு வருமானம் இல்லை. அப்படியானால் எனக்குக் கேட்க உரிமை இல்லையா? அந்தப் பணம் உண்மையில் யார் கையில் இருந்தது, எந்தக் காகிதத்தைக் கேட்டால் கணக்கு வெளியே வரும் என்பதை அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

வைகைக்கரை

ஐயா, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தீப்பெட்டி வாங்குகிறவரும் வண்டிக்குப் பெட்ரோல் போடுகிறவரும் வரி கட்டுகிறவர்களே. அப்படியே கட்டாதவராக இருந்தாலும், 2005ஆம் ஆண்டுத் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் 6(2) பிரிவின்படி, தகவல் கேட்பவர் எதற்காகக் கேட்கிறார் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. அந்த எழுத்தர் கேட்டது சட்டத்தில் இல்லாத கேள்வி.

கணக்குத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதால் அடுத்ததைச் சற்று விரிவாக எழுதுகிறேன். சட்டமன்ற உறுப்பினரோ நாடாளுமன்ற உறுப்பினரோ இந்த நிதியிலிருந்து ஒரு ரூபாயைக்கூடக் கையால் தொடுவதில்லை. எந்த வேலை, எந்த இடத்தில் என்று பரிந்துரைக் கடிதம் கொடுப்பதோடு அவர்களுடைய பங்கு முடிகிறது. அதன் பிறகு மாவட்ட ஆட்சியர் நிர்வாக அனுமதி கொடுப்பதும், பொறியாளர் மதிப்பீடு தயாரிப்பதும், ஒப்பந்தப்புள்ளி கோருவதும், ஒப்பந்தக்காரரின் பட்டியலுக்கு (பில்லுக்கு) பணம் வழங்குவதும் அதிகாரிகளின் பொறுப்பு. “உங்கள் பணத்தை என்ன செய்தீர்கள்” என்று உறுப்பினரிடம் கேட்டால் “நான் பரிந்துரைத்தேன், அவ்வளவுதான்” என்பார். அதிகாரியிடம் கேட்டால் “அவர் சொன்ன வேலையைச் செய்தோம்” என்பார். இரண்டும் பொய்யல்ல. உங்களை மூன்று வாசல் ஏறி இறங்கவைத்தது இந்த இடைவெளிதான்.

அடுத்து, அது எந்த நிதி என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். சட்டமன்ற உறுப்பினர் நிதி மாநில அரசுடையது. தமிழ்நாட்டில் இப்போது ஒரு தொகுதிக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். நாடாளுமன்ற உறுப்பினர் நிதி 1993 டிசம்பரில் தொடங்கப்பட்ட மத்தியத் திட்டம். 2011-12 முதல் ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். கொரோனா காலத்தில் அது நிறுத்திவைக்கப்பட்டு, 2021 நவம்பரில் மீண்டும் உயிர்பெற்றது. மதுரை மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. மாவட்டத்தின் பத்துச் சட்டமன்றத் தொகுதிகளில் மேலூர், மதுரை கிழக்கு, வடக்கு, தெற்கு, மத்தி, மேற்கு ஆகிய ஆறுதான் மதுரை நாடாளுமன்றத் தொகுதிக்குள் வருகின்றன. திருப்பரங்குன்றமும் திருமங்கலமும் விருதுநகரோடும், சோழவந்தானும் உசிலம்பட்டியும் தேனியோடும் சேர்ந்தவை. மேற்கே இருப்பவர்கள் மதுரை எம்.பி. நிதி என்று எழுதிக் கேட்டு, அப்படி ஒரு வேலையே இல்லை என்ற பதிலை வாங்கிக்கொண்டு திரும்பியதைப் பார்த்திருக்கிறேன். பலகையைக் கவனமாகப் படியுங்கள். எம்.பி. நிதியாக இருந்தால், வேலையின் பெயர், செலவு, தொடங்கி முடிந்த நாள், உறுப்பினரின் பெயர் ஆகியவற்றோடு நிலையான பலகை வைக்க வேண்டும் என்பது அந்தத் திட்டத்தின் வழிகாட்டு நெறியிலேயே இருக்கிறது. காதணி விழாச் சுவரொட்டியை ஈரத்துணியால் ஒற்றி எடுத்துவிட்டுப் பாருங்கள்.

தகவல் உரிமை விண்ணப்பத்தில் கேட்க வேண்டிய காகிதங்கள் பரிந்துரைக் கடிதத்தின் நகல், நிர்வாக அனுமதி ஆணை, தொழில்நுட்ப அனுமதியோடு கூடிய மதிப்பீடு, வேலை உத்தரவு, அளவைப் புத்தகத்தில் அந்த வேலைக்குரிய பக்கங்கள், இறுதிப் பட்டியல், பயன்பாட்டுச் சான்றிதழ் என்பவை. இவற்றில் ஒன்றை மட்டும் கேட்க முடியும் என்றால் அளவைப் புத்தகத்தைக் கேளுங்கள். எம்-புக் என்று அலுவலகத்தில் சொல்வது அதைத்தான். என்ன போட்டார்கள், எவ்வளவு நீளம், அகலம், கனம் என்று பொறியாளர் நேரில் அளந்து எழுதிக் கையொப்பமிட்ட பிறகுதான் பட்டியல் நகரும்.

ஒரு சொல் மறக்காமல் சொல்கிறேன்: ‘ஏன்’ என்று கேட்காதீர்கள். “ஏன் கூரை ஒழுகுகிறது” என்று எழுதினால், அது தகவல் அல்ல என்று ஒரே வரியில் திருப்பிவிடுவார்கள். இருக்கும் ஆவணத்தின் நகலைத்தான் கேட்க வேண்டும்.

நம் ஊருக்கு இந்த அளவை விவகாரம் புதிதல்ல. வைகையில் வெள்ளம் வந்தபோது பாண்டியன் வீட்டுக்கு ஒரு பங்கு என்று கரையை அளந்து கொடுத்தான். வந்திக் கிழவியின் பங்கு மட்டும் அடைபடவில்லை என்று மேற்பார்வையாளர்கள் கண்டுபிடித்தது அந்த அளவை இருந்ததால்தான். கூலியாளாக வந்த பெருமான் முதுகில் விழுந்த பிரம்படி எல்லோர் முதுகிலும் பட்டது என்பார்கள். ஆவணி மூலத்துக்குப் புட்டுத்தோப்புக்குப் போகும்போதெல்லாம் எனக்குப் பட்டியல் பாக்கிகளின் நினைவுதான் வரும், தொழில் புத்தி.

மேலூர் வாசகி

வைகைக்கரை ஐயா சொன்னதோடு, நான் நேரில் பட்டதையும் சேர்க்கிறேன்.

எங்கள் பக்கத்து ஊரில் நியாயவிலைக் கடைக் கட்டடம் ஒன்று கட்டி முடித்த ஆறே மாதத்தில் தரை உள்வாங்கியது. அரிசி மூட்டை அடுக்கிய இடத்தில் சிமெண்டுப் பூச்சு தட்டுத் தட்டாகப் பெயர்ந்து வந்தது. தகவல் கேட்டு விண்ணப்பம் எழுதி, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ஒப்புகை அட்டையோடு தபாலில் அனுப்பினேன். அனுப்பும்போதே ஒரு தவறு செய்தேன். ஒன்றிய அலுவலகத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் இருவர் உண்டு. ஒருவர் வட்டார ஊராட்சிக்கு, மற்றவர் கிராம ஊராட்சிக்கு. நான் மாற்றி அனுப்பிவிட்டேன். ஆனால் தவறான அலுவலகத்துக்குப் போன விண்ணப்பத்தை ஐந்து நாட்களுக்குள் உரியவருக்கு மாற்றி அனுப்ப வேண்டியது அவர்கள் கடமை என்று 6(3) பிரிவு சொல்வதால், திரும்ப எழுத வேண்டியிருக்கவில்லை. கடிதம் மாடியிலிருந்து கீழே வருவதற்குத்தான் பதினெட்டு நாட்கள் ஆயின.

முப்பது நாட்கள் கடந்தும் பதில் இல்லை. முதல் மேல்முறையீடு செய்தேன். அதற்குக் கட்டணம் இல்லை. அதன் பிறகு வந்த பதிலில், ஆவணங்கள் மிகுதியாக இருப்பதால் நேரில் வந்து பார்க்கலாம் என்றிருந்தது. சலிப்படைந்து வரமாட்டேன் என்று நினைத்திருக்கலாம். எனக்கு அதுவே வசதியாகப் போயிற்று. பார்வையிடுவதும் குறிப்பெடுப்பதும் 2(j) பிரிவில் உள்ள உரிமை. முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணமும் இல்லை. நகல் வேண்டுமென்றால் பக்கத்துக்கு இரண்டு ரூபாய். என் தம்பி மகன் கொத்தனார் வேலை பார்ப்பவன். அவனையும் உடன் அழைத்துப் போனேன். எம்-புக்கில் தரைக்கு அடியில் போடும் ஜல்லிக் கான்கிரீட்டின் கனம் எழுதியிருந்தது. அவன் அதைப் படித்துவிட்டு, “அத்தை, இது இருந்திருந்தால் தரை இறங்கியிருக்காது” என்று மட்டும் சொன்னான். அந்தப் பக்கத்துக்கு நகல் வாங்கிக்கொண்டோம்.

நகலை இணைத்து, கட்டடத்தின் ஓர் ஓரத்தில் தோண்டி அளந்து காட்டுமாறு திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுத்தேன். தோண்டவில்லை. இரண்டு வாரம் கழித்து ஒப்பந்தக்காரரின் ஆட்கள் வந்து, யாரும் எதுவும் சொல்லாமல், தரையைப் பெயர்த்துப் புதிதாகப் போட்டுவிட்டுப் போனார்கள். என் மனுவுக்கு ‘கட்டடம் நல்ல நிலையில் உள்ளது’ என்று பதில் வந்தது. அன்றைய நிலவரப்படி அது உண்மைதான்.

ஆகவே, வழக்கு, தண்டனை என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும். தரை கிடைத்தது. எனக்கு அது போதும் என்று சொல்லமாட்டேன். ஆனால் அரிசி நனையவில்லை.

பழைய ஓவர்சீயர்

நண்பர் கோபப்படக் கூடாது. எதிர்த்தரப்பின் நியாயத்தையும் யாராவது சொல்ல வேண்டும் அல்லவா?

பலகையில் இருக்கும் 7 லட்சம் மதிப்பீட்டுத் தொகை; செலவான தொகை அல்ல. ஒப்பந்தக்காரர் மதிப்பீட்டைவிடக் குறைத்துக் கோரியிருந்தால், பட்டியல் தொகையும் குறைவாகவே இருக்கும். அந்த மிச்சம் பலகையில் வராது. மதிப்பீட்டுக்குள்ளேயே சரக்கு சேவை வரி இருக்கிறது. அரசு ஒப்பந்த வேலைகளுக்கு 2022 ஜூலை முதல் அது 18 சதவீதம். தொழிலாளர் நலநிதிக்கு ஒரு சதவீதம். இவை போக எஞ்சியதுதான் கம்பியும் சிமெண்டும் கூலியும். ஆகையால் 15 அடிக்கு 8 அடியைப் பார்த்து, ‘இதற்கு ஏழு லட்சமா’ என்று டீக்கடையில் கேட்கும் கேள்வியில் பாதிதான் நியாயம். அஸ்திவாரம் எவ்வளவு ஆழம், மண் எப்படிப்பட்டது, கரிசலா செவலா என்பதைத் தையல் நாடா சொல்லாது.

ஆனால் கூரை ஒழுகுவதற்கும் இருக்கையின் கால் உடைந்ததற்கும் வரி காரணம் அல்ல. அங்கே நீங்கள் சொல்வது சரி. அதற்கு ஒரு வழி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. வேலை முடிந்த பிறகு குறிப்பிட்ட காலம் வரை ஏற்படும் பழுதுகளை ஒப்பந்தக்காரர் தம் செலவில் சரிசெய்து தர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கும். அதற்காக அவருடைய வைப்புத்தொகையில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்திருப்பார்கள். அந்தக் காலம் முடிவதற்குள் எழுத்து மூலமாகப் புகார் போய்ச் சேர்ந்தால், பணத்தை விடுவிக்கும் கோப்பில் அந்தக் காகிதமும் உட்கார்ந்துவிடும். உதவிப் பொறியாளர் கையொப்பம் போட யோசிப்பார். நான் யோசித்திருக்கிறேன். காலம் கடந்துவிட்டால் அதே புகார் வெறும் காகிதம். எனவே விண்ணப்பத்தில், பழுதுநீக்கப் பொறுப்புக் காலம் எந்த நாளோடு முடிகிறது, வைப்புத்தொகை விடுவிக்கப்பட்டதா என்பதற்கான ஆவணத்தையும் கேளுங்கள். வேலைக்கு முன்பும், நடக்கும்போதும், முடிந்த பின்பும் எடுத்த படங்கள் கோப்பில் இருக்கும், அவற்றையும் கேளுங்கள். கூரைக் கம்பி கட்டிய படம் இருந்தால், எத்தனை அங்குல இடைவெளியில் கட்டினார்கள் என்று கண்ணாலேயே எண்ணிவிடலாம்.

தெற்குமாசிவீதி

எல்லோரும் நிழற்குடைக்குள்ளேயே நின்றுகொண்டிருக்கிறோம் என்று தோன்றுகிறது. சற்று வெளியே வந்து பார்க்க வேண்டும் என்பது என் கருத்து, ஒத்துக்கொள்ளாவிட்டாலும் கேளுங்கள்.

தமிழ்நாட்டில் 234 உறுப்பினர்கள். ஆளுக்கு 3 கோடி என்றால் ஆண்டுக்கு 702 கோடி. மாநில அரசின் ஆண்டுச் செலவோ 3 லட்சம் கோடியைத் தாண்டிவிட்டது. நூறு ரூபாய்ச் செலவில் இந்த நிதி கால் ரூபாய்கூட இல்லை. மீதி 99 ரூபாய் 75 காசில் பெரும்பகுதிக்கும் ஒப்புதல் கொடுப்பது அதே உறுப்பினர்கள்தாம். வரவு செலவுத் திட்டம் வைத்த பிறகு, துறை துறையாக மானியக் கோரிக்கை, அதாவது செலவுக்குப் பணம் கேட்கும் கோரிக்கை, வருகிறது. சட்டமன்றம் வாக்களிக்காமல் அந்தப் பணம் நகராது. ஒவ்வொரு துறையும் கொள்கை விளக்கக் குறிப்பு என்று ஒரு புத்தகம் வெளியிடுகிறது. அரசின் இணையதளத்தில் யாரும் எடுத்துப் படிக்கலாம். நம் தொகுதியின் உறுப்பினர் அந்த நாட்களில் எழுந்து பேசினாரா, கேட்ட தொகையைக் குறைக்கச் சொல்லும் வெட்டுத் தீர்மானம் கொடுத்தாரா, கேள்வி நேரத்தில் ஒரு கேள்வியாவது கேட்டாரா என்பதை அவை நடவடிக்கைக் குறிப்புகளிலிருந்து அறியலாம். செலவான பிறகு தலைமைக் கணக்குத் தணிக்கையரின் அறிக்கை அரசமைப்புச் சட்டத்தின் 151ஆம் பிரிவின்படி அவைக்கு வருகிறது. பொதுக் கணக்குக் குழு அதை எடுத்து விசாரிக்கிறது. அந்தக் குழுவிலும் உட்கார்ந்திருப்பவர்கள் உறுப்பினர்களே. ஆனால் வாக்குக் கேட்டு வீதிக்கு வரும்போது இதைப் பற்றி நாமும் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை. “உங்கள் தெருவுக்குப் பேவர் பிளாக் போட்டேன்” என்பார்கள், நாமும் தலையாட்டுவோம்.

இன்னொன்று. அரசு செலவழிப்பதைக் கேள்வி கேட்க வேண்டியவர் உறுப்பினர். அவரையே செலவழிக்கும் இடத்துக்கு இழுத்துவிட்டால், கேட்பவர் யார்? இந்த நிதிகளையே நிறுத்திவிட வேண்டும் என்று இரண்டாவது நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் 2007ஆம் ஆண்டு அறிக்கையில் பரிந்துரைத்தது. எம்.பி. நிதி அரசமைப்புக்கு விரோதம் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்துவிட்டது என்பதும் உண்மைதான். சட்டப்படி சரி என்பதும், செய்யத் தக்கது என்பதும் ஒன்றல்ல என்றே நான் இன்னும் நினைக்கிறேன்.

மேலூர் வாசகி

தெற்குமாசிவீதி சொல்வது பெரிய கணக்கு, மறுக்கவில்லை. ஆனால் கொள்கை விளக்கக் குறிப்பைப் படித்துவிட்டு, துறைக்கு ஒதுக்கிய கோடிகள் எங்கே போயின என்று எங்கள் ஊரில் ஒருவருக்கு நான் எப்படிக் காட்டுவேன்? தரையைக் காட்ட முடிந்தது. கால் ரூபாய்க்கு ஒருமுறை கணக்குக் கேட்டு வாங்கியவர்தான், மீதி ரூபாய்க்கும் வாய் திறப்பார் என்பது என் அனுபவம். அன்று என்னோடு மனுக் கொடுக்க வந்த நான்கு பெண்களில் இருவர், அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் நூறு நாள் வேலைக் கூலிப் பாக்கியைப் பற்றித் தாமாக எழுந்து கேட்டார்கள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

தெற்குமாசிவீதி

அம்மா, அந்த இருவருக்காக என் வாதத்தில் பாதியை விட்டுக்கொடுக்கிறேன். மற்றப் பாதி அப்படியே இருக்கட்டும். எம்.பி.யைப் பொறுத்தவரை ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். ‘திஷா’ என்று சொல்லப்படும் மாவட்ட வளர்ச்சி ஒருங்கிணைப்பு மற்றும் கண்காணிப்புக் குழு 2016 முதல் இருக்கிறது. தலைவர் நாடாளுமன்ற உறுப்பினர். மத்திய அரசின் திட்டங்கள் மாவட்டத்தில் எப்படி நடக்கின்றன என்று பார்ப்பது அதன் வேலை. நீங்கள் சொல்லும் நூறு நாள் வேலைக் கூலிப் பாக்கியை அவர் கேட்க வேண்டிய இடம் அதுதான். அந்தக் கூட்டம் எத்தனை முறை நடந்தது, குறிப்பேட்டில் என்ன எழுதினார்கள் என்பதையும் பத்து ரூபாய் வில்லை ஒட்டிக் கேட்கலாம்.

மேற்குமதுரைக்காரன்

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. ஓவர்சீயர் ஐயா எழுதியதைப் படித்தபோது முதலில் கோபம் வந்தது, மறுநாள் வரவில்லை.

வைகைக்கரை ஐயா சொன்னபடி சுவரொட்டியை ஈரத்துணியால் ஒற்றி எடுத்தேன். ஆண்டு தெரிந்தது, நிதியும் எம்.பி. நிதி அல்ல, சட்டமன்ற உறுப்பினர் நிதிதான் என்பது உறுதியாயிற்று. இத்தனை நாள் ஊரில் பாதிப் பேர் அதை எம்.பி. நிதி என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். பரிந்துரைக் கடிதம் முதல் பயன்பாட்டுச் சான்றிதழ் வரை ஏழு ஆவணங்களையும், கூடவே படங்களையும், பழுதுநீக்கப் பொறுப்புக் காலத்துக்கான ஆவணத்தையும் கேட்டு ஒன்றரைப் பக்கத்தில் எழுதினேன். ‘ஏன்’ என்ற சொல் இரண்டு இடத்தில் தானாக வந்து விழுந்திருந்தது. அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போகவில்லை. அங்கே கொடுத்த நாட்காட்டியில்தான் முப்பதாவது நாளை வட்டமிட்டு வைத்திருக்கிறேன்.

ஒப்புகை அட்டை நேற்றுத் திரும்பி வந்தது. கையொப்பம் யாருடையது என்று படிக்க முடியவில்லை. தேதி முத்திரை மட்டும் தெளிவாக விழுந்திருக்கிறது.